அபராதம் கட்டச் சொன்னவள்

புருஷனிடம் அடி வாங்கிய பெண்களைச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகளாக்கியதில் எனக்குப் பங்கு உண்டு. வழக்குப் போட்டது காவல்துறை, தண்டித்தது நீதிமன்றம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இடம் இருக்கிறது. நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, “கேட்டா ஆமான்னு சொல்லிரும்மா, ஃபைனைக் கட்டிட்டுப் போயிரலாம்” என்று அவர்கள் காதோரம் சொன்னவள் நான்தான். ஏதோ ஒரு தடவை தெரியாத்தனமாகச் சொன்னதல்ல அது. வழக்கமாகவே சொல்லிவந்தேன்.

தென் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில் வக்கீல் தொழில் செய்கிறேன். பல வருடங்கள் இலவச சட்ட உதவி வழக்கறிஞர் பட்டியலில் என் பெயர் இருந்தது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் கட்டணமில்லாத வழக்கறிஞரைத் தருகிறது. கையில் காசில்லாமல், கழுத்தில் காயத்தோடு வருகிற பெண்ணுக்கு அரசாங்கம் கொடுத்த வழக்கறிஞர் நான். அவளுக்கு வேறு யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கவுன்ட்டர் கேஸ், அதாவது எதிர்வழக்கு, எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். ராத்திரி அடிபட்ட பெண் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். டாக்டர் விபத்துப் பதிவேட்டில் காயங்களை எழுதி, ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்புகிறார். மறுநாள் காலையில் புருஷனும் அதே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். அவன் உடம்பிலும் ஏதாவது ஒரு நகக்கீறல் இருக்கத்தான் செய்யும். ஸ்டேஷனில் இரண்டு புகார்களும் சேர்கின்றன. சமாதானம் பேசிப் பார்ப்பார்கள். “சேர்ந்து வாழ்றேன்னு எழுதிக் கொடு, ரெண்டையும் மூடிரலாம்” என்பார்கள். அவள் மாட்டேன் என்றால் இரண்டு பேர் மேலும் எஃப்.ஐ.ஆர். விழும். தமிழ்நாட்டில் கிரிமினல் கோர்ட்டுப் பக்கம் போனவர்களுக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இந்த மூன்று பிரிவுகளும் மனப்பாடம்: 294(பி), 323, 506(1). ஆபாசமாகத் திட்டியது, கையால் தாக்கியது, மிரட்டியது. அவன் மேல் போட்ட வழக்கிலும் அதே மூன்று, அவள் மேல் போட்ட வழக்கிலும் அதே மூன்று. கணவனின் கொடுமைக்கான 498ஏ வரவேண்டிய இடத்தில் அது வராது. காகிதத்தில் பார்த்தால் சரிக்குச் சரியான இரண்டு பேர் தெருவில் அடித்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு ஏறக்குறைய 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டேஷன் படியேறுகிறவர்கள் அவர்களில் மிகச் சிலர். அந்தச் சிலரில் திருப்பித் தள்ளியவர்கள், கடித்தவர்கள், கையில் கிடைத்ததை எறிந்தவர்கள் என்னிடம் வந்தார்கள்.

அவர்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பீடி சுற்றுகிற பெண். ஒரு பையன். அவள் மேல் இருந்த குற்றச்சாட்டு, கணவனின் முன்கையில் கடித்தாள் என்பது. ஏன் கடித்தாள் என்று நான் கேட்டேன், அவளும் சொன்னாள். சுவரோடு சேர்த்து முழங்கையால் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான், மூச்சு வரவில்லை, வாய்க்கு எட்டியது அந்தக் கை மட்டும்தான். அவளுடைய விபத்துப் பதிவேட்டு நகலில் கழுத்தில் கன்றிய தடம் என்று எழுதியிருந்தது. அவனுடைய நகலில் முன்கையில் மனிதப் பல் கடித்த சிறு காயம் என்று எழுதியிருந்தது. இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த ராத்திரி என்ன நடந்தது என்று ஒரு குழந்தைக்கும் விளங்கும். இரண்டு தாளும் என் வழக்குக் கட்டுக்குள் இருந்தன.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96ஆவது பிரிவை முதல் வருட மாணவர்களே படித்திருப்பார்கள். தற்காப்புக்காகச் செய்த எதுவும் குற்றமே அல்ல என்கிறது அது. குறைந்த குற்றம் என்றோ மன்னிக்கத்தக்க குற்றம் என்றோ அது சொல்லவில்லை. அவள் கடித்தது சட்டப்படி ஒரு குற்றமே இல்லை. எனக்கு இது தெரியும். தெரிந்தும் அவளிடம் சொன்னேன், “கேஸ் நடத்தினா ரெண்டு வருஷம் இழுக்கும்மா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பீடிக் கூலி போயிரும். இது சின்ன கேஸு. ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிரும்.”

“பேரு ஒண்ணும் கெட்டுப் போகாதுல்ல மேடம்?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்றேன்.

நடுவர் கேட்டார். அவள் தலையாட்டினாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. சம்மன் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது, குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன சொற்களையே கூடுமானவரை அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 252ஆம் பிரிவு சொல்கிறது. என்ன குற்றம், என்ன விளைவு என்று புரிந்துதான் ஒப்புக்கொள்கிறார் என்பதை உறுதி செய்ய வைத்த ஏற்பாடு அது. அன்றைக்குத் தாளில் விழுந்தது ஒரு ரப்பர் ஸ்டாம்பு. கீழே அவள் கையெழுத்து. சில ஆயிரம் ரூபாய் அபராதம். கழுத்தில் கிடந்ததை அடகு வைத்துக் கட்டினாள். நான் அடுத்த வழக்குக்குப் போய்விட்டேன்.

கணவன் தன் வழக்கை நடத்தினான். நல்ல வக்கீல் வைத்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாட்சி சொல்ல வரவில்லை. வந்த ஒருவரும் பிறழ் சாட்சியானார். சந்தேகத்தின் பலன் கிடைத்து விடுதலையானான். ஆக, கழுத்தை நெரித்தவன் மேல் எந்தத் தண்டனையும் இல்லை, நெரிபட்டவள் தண்டனை பெற்ற குற்றவாளி. இதுதான் கோர்ட்டு ரெக்கார்டு.

பிறகு அவள் வாழ்க்கையில் நடந்ததை அவளே வந்து சொன்ன நாள்வரை நான் அறியவில்லை, அறிந்துகொள்ள முயலவும் இல்லை. பையனை வைத்துக்கொண்டு பீடிக் கூலியில் காலம் தள்ள முடியாது என்று, அம்மா வீட்டில் இருந்தபடியே நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்திருக்கிறாள். ஒரு பள்ளிக்கூட விடுதியில் வார்டன் வேலை கிடைக்கும்போல இருந்தது. பிள்ளைகள் தங்குகிற இடம் என்பதால் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டார்கள். ஸ்டேஷனில் கம்ப்யூட்டரைத் தட்டினார்கள். வழக்கு எண், பிரிவுகள், தண்டிக்கப்பட்டார் என்ற குறிப்பு எல்லாம் வந்தது. தாக்கிய குற்றத்தில் தண்டனை பெற்ற பெண்ணைப் பிள்ளைகளோடு விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வேலை போனதைவிடப் பெரிய இழப்பு குடும்ப நல நீதிமன்றத்தில் காத்திருந்தது. கணவன் விவாகரத்துக் கேட்டிருந்தான். காரணம், மனைவியின் கொடுமை. அதற்குச் சான்றாவணமாக அவன் போட்டது அந்தத் தீர்ப்பின் நகல். குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது உரிமையியல் வழக்கில் ஒருவருக்கு எதிரான ஏற்புரையாகப் பயன்படும் என்பது சாட்சியச் சட்டத்தில் ஊறிய விஷயம். விசாரணை செய்து தண்டித்திருந்தால்கூட அந்தத் தீர்ப்புக்கு அவ்வளவு வலு இருந்திருக்காது. அவளே ஒப்புக்கொண்டாள் என்பதால்தான் அதற்கு அத்தனை வலு. அவளுடைய குறுக்கு விசாரணை நகலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். கணவரைக் கடித்தது உண்மைதானா என்று கேட்டதற்கு உண்மை என்றிருக்கிறாள். அதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது உண்மைதானா என்றதற்கு, வக்கீல் சொன்னதால் ஒப்புக்கொண்டேன் என்றிருக்கிறாள். அந்தப் பதிலுக்கு எந்த மதிப்பும் கிடைக்கவில்லை. மூர்க்கமான பெண் என்று வாதாடி, பையனை இடைக்கால உத்தரவில் தகப்பன் வசம் வாங்கிவிட்டார்கள். பார்க்க மட்டும் அவளுக்கு அனுமதி.

“நீங்கதான மேடம் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் ஏதாவது வழி வைத்திருப்பேன் என்று நம்பித்தான் கேட்டாள்.

மேல்முறையீடு செய்யலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் கதவையும் நான்தான் அடைத்திருந்தேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவருக்கு, தண்டனையின் அளவையும் சட்டப் பொருத்தத்தையும் தவிர வேறு எதையும் எதிர்த்து மேல்முறையீடு இல்லை என்கிறது பழைய நடைமுறைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு. புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 416ஆம் பிரிவாக அப்படியே தொடர்கிறது. ஆமாம் என்று தலையாட்டியதன் விலை அபராதத் தொகை மட்டும் அல்ல. தான் குற்றம் செய்யவில்லை என்று மேல்முறையீட்டில் சொல்கிற உரிமையும் அதோடு போய்விடுகிறது. இதை ஒரு பெண்ணிடமும் நான் விளக்கியதில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். முதலில் வந்த பதில்கள் எல்லாம் வெளியில் இருந்தன. மாதக் கடைசியில் நீதிமன்றங்கள் வழக்கு முடித்த கணக்குக் காட்ட வேண்டும். ஒப்புக்கொள்ள வைத்துக் கணக்கைக் கூட்டிக் கொடுக்கிற வக்கீலுக்குக் கோர்ட்டில் நல்ல பேர். சட்ட உதவி வழக்குக்குக் கிடைக்கிற தொகை பஸ் செலவுக்குத்தான் காணும். எல்லா வக்கீல்களும் இதைத்தான் செய்கிறார்கள். இவை பொய் இல்லை. ஆனால் உண்மையான காரணமும் இவை இல்லை.

உண்மையான காரணம் என்னவென்று எனக்கு வேறொரு கட்டைப் புரட்டியபோது தெரிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் எங்கள் தெருவில் ஒரு என்ஜினியரிங் மாணவன் கோயில் கொடையில் நடந்த சண்டையில் மாட்டிக்கொண்டான். அவன் மேலும் அதே 294(பி), 323, 506(1). அவன் அப்பா என்னிடம் வந்தபோது, ஒப்புக்கொண்டு அபராதம் கட்டலாம் என்ற யோசனை என் மனதில் எழவே இல்லை. பையன் வெளிநாடு போக வேண்டியவன், பாஸ்போர்ட் எடுக்க வேண்டியவன், தண்டனை என்று ஒரு வரி இருந்தால் எதிர்காலம் என்னாவது என்று பதறினேன். எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசி சமரசம் செய்து வைத்தேன். 294(பி) சமரசத்துக்கு உட்பட்ட பிரிவு அல்ல என்பதால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482ஆம் பிரிவில் வழக்கையே ரத்து செய்து வாங்கினேன். அவன் மேல் இன்று ஒரு புள்ளி கிடையாது.

பீடி சுற்றுகிற பெண்ணுக்கு எதிர்காலம் என்று ஒன்று இருக்கும், அதில் இந்தத் தண்டனை வந்து குறுக்கே நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவளுக்கு என்ன பாஸ்போர்ட்டா, கவர்மென்ட் வேலையா என்று உள்ளுக்குள் முடிவு செய்திருக்கிறேன். அதுதான் என் குற்றம். சோம்பலோ வேலைப்பளுவோ அதற்குப் பிறகுதான் வரும். அவள் வாழ்க்கை இதோடு நின்றுவிடும் என்று நானே தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தின் மேல் அவளுக்கு ஆலோசனை சொன்னேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிபட்டுக்கொண்டு அழுதபடி வருகிற பெண்ணிடம் எனக்கு இருந்த இரக்கம், திருப்பி அடித்துவிட்டு வந்த பெண்ணிடம் முழுசாக இல்லை. இவளும் கை நீட்டியிருக்கிறாள்தானே என்ற எண்ணம் ஓரத்தில் இருந்தது. மகளிர் தினத்தன்று மேடையேறி, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பற்றிப் பேசுகிற நான் அப்படித்தான் இருந்தேன்.

வழக்கை நடத்த அவளுக்கு வசதிப்படாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் செய்திருக்கக் கூடியது ஒன்று இருந்தது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களில், முன்பு தண்டனை பெறாத ஒருவரை நீதிமன்றம் எச்சரித்து மட்டும் விட்டுவிடலாம். 4ஆம் பிரிவுப்படி நன்னடத்தைப் பிணையில் விடலாம். அப்படி விடப்பட்டவருக்கு, தண்டனையால் வரக்கூடிய தகுதியிழப்பு எதுவும் சேராது என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. குற்றத்தீர்ப்பு அதனால் அழிந்துபோவதில்லை. உச்ச நீதிமன்றம் அதைப் பல முறை தெளிவாக்கியிருக்கிறது. ஆனாலும் வேலை கேட்டுப் போகிற இடத்தில் எடுத்துக் காட்ட அவள் கையில் ஒரு பாதுகாப்பு இருந்திருக்கும். அதற்கு நான் எழுந்து நின்று வாய்மொழியாக ஒரு வேண்டுகோள் வைத்திருந்தால் போதும். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அபராதத்துக்குப் பதில் எச்சரிக்கை என்று பெரும்பாலான நடுவர்கள் மறுக்காமல் எழுதியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

இனி என் குற்றத்தைத் தாண்டி, சட்டத்தின் மேல் எனக்குள்ள வழக்கையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதால் என் பங்கு குறையாது.

வயது வந்த ஒருவர் மேல் விழுந்த தண்டனையைக் காலம் கடந்தபின் அழித்துக் கொடுக்கும் பொதுச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. சிறார்களுக்கு உண்டு, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தகுதியிழப்பை நீக்கி, ஆவணங்களை அழிக்கவும் சொல்கிறது. பெரியவர்களுக்கு, அபராதம் மட்டும் கட்டிய அற்ப வழக்கானாலும், அந்த வரி ஆயுளுக்கும் நிற்கும். இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டிலேயே இதற்கென்று சட்டம் வந்துவிட்டது. அபராதத்தோடு முடிந்த தண்டனையை இப்போது அங்கே ஓராண்டு கழிந்தபின் பெரும்பாலான வேலைகளுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி போனது. துணைவரின் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகி, அதன் நேரடி விளைவாக வன்முறையற்ற குற்றம் ஒன்றில் சிக்கியவர்கள், அந்தத் தண்டனையையே நீக்கிக்கொள்ள 2022 ஜனவரி முதல் அங்கே மனுப் போடலாம். அந்தச் சட்டத்தின் ஒரு சொல் எனக்கு உறுத்துகிறது. ‘வன்முறையற்ற’ என்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால், கழுத்தை நெரித்த கையைக் கடித்தவள் அதற்கு வெளியே நின்றுவிடக்கூடும். நமக்கு ஒரு சட்டம் எழுதினால் அந்த இடத்தில் கவனம் வேண்டும். திருப்பி அடித்தவளை விட்டுவிட்டு எழுதுகிற சட்டம் என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உதவாது.

நம்முடைய உயர் நீதிமன்றம் இதில் குருடாக இருந்ததில்லை. கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, பிள்ளைகள் இறந்து தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், 1989இல் சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காளின் பெயரைச் சொல்லி ஒரு கொள்கையை வகுத்தது. ஒரு நொடியில் வருகிற ஆத்திரத்தை மட்டுமல்ல, நாள்பட்டுச் சேர்ந்த துன்பத்தையும் சட்டம் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. இங்கிலாந்தில், தன்னை அடித்துவந்த கணவனைக் கொன்ற கிரண்ஜித் அலுவாலியாவின் கொலைத் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்ததும், அடிபட்ட மனைவியின் நெடுநாள் துன்பம் பற்றி உலகமே பேசியதும் 1992இல்தான். நம் கோர்ட்டு மூன்று வருடம் முன்பே அந்தத் திசையில் நடந்தது. ஆனால் அந்தக் கொள்கை கொலை வழக்குகளோடு நின்றுவிட்டது. 323க்கும் 506க்கும் அதைக் கீழே இறக்கிக் கொண்டுவர வேண்டியவர்கள் தாலுகா கோர்ட்டு வக்கீல்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

2021இல் அதே உயர் நீதிமன்றத்துக்கு வேறொரு வழக்கு வந்தது. விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டார். அதற்குச் சட்டம் இல்லை என்று தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாகச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. விடுதலையானவருக்கே இவ்வளவு போராட்டம் என்றால், நான் ஒப்புக்கொள்ள வைத்த பெண்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அரசு மனம் வைத்தால் முடியாதது இல்லை. கொரோனா ஊரடங்கை மீறியதாகப் போட்ட ஏறத்தாழ 10 லட்சம் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல காரியம். மனைவி கொடுத்த வன்முறைப் புகாருக்கு எதிராகக் கணவன் தரப்பு போட்ட கவுன்ட்டர் கேஸ்களையும் ஒரு குழு வைத்துப் பரிசீலித்து அதேபோல் திரும்பப் பெறலாம். ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களுக்கு, அரசியலமைப்பின் 161ஆவது பிரிவில் மன்னிப்புக்கு வழி இருக்கிறது. சின்ன வழக்குக்கு ஆளுநர் வரை போவதா என்று கேட்பார்கள். வழக்கு சின்னதுதான். பிள்ளையை இழந்தது சின்னதா?

நான் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். மேல்முறையீட்டுக்கு வழி இல்லாததால், அவளுடைய தண்டனையை எதிர்த்து மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் சீராய்வு மனுவும், காலதாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனுவும் தாக்கலாகியிருக்கின்றன. இந்த முறை எல்லாவற்றையும் அவளிடம் விளக்கினேன். தண்டனை ரத்தானால் வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்கலாம், கணவன் மறுபடி கூண்டேறிச் சாட்சி சொல்லலாம், மீண்டும் வாய்தாக்கள் வரும் என்று சொன்னேன். யோசிக்க அவகாசம் எடுத்துக்கொண்டாள். பிறகு, “நடத்துவோம் மேடம். நான் ஏன் கடிச்சேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கோர்ட்டுல கேக்கல” என்றாள்.

மனுவோடு என் பிரமாணப் பத்திரமும் இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னது நான், விளைவுகளை விளக்கவில்லை, தற்காப்பு என்ற எதிர்வாதம் இருப்பது தெரிந்தும் சொல்லவில்லை, அவள் வாய் திறந்து எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று சத்தியம் செய்து எழுதியிருக்கிறேன். சாட்சியாக வரக்கூடிய வழக்கில் வக்கீலாக நிற்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் வக்காலத்தை வேறொரு வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட்டேன். “உன் பேரை நீயே ஏன் கெடுத்துக்கறே” என்று சீனியர் ஒருவர் அக்கறையோடுதான் கேட்டார். என்னுடைய பெயரைக் காப்பாற்ற அவளுடைய தண்டனை நிற்க வேண்டுமென்றால், அந்தப் பெயர் எனக்கு வேண்டாம். பழைய கட்டுகளை எடுத்து, நான் ஒப்புக்கொள்ள வைத்த மற்ற பெண்களையும் தேடிக்கொண்டிருக்கிறேன். சிலர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். ஒருத்தி இப்போது உயிரோடு இல்லை.

இதைப் படிக்கும் இளம் வக்கீல்களிடம் ஒன்று கேட்கிறேன். கவுன்ட்டர் கேஸோடு ஒரு பெண் உங்கள் முன் வந்து நின்றால், இரண்டு விபத்துப் பதிவேட்டு நகல்களையும் வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வழக்கு வந்திருந்தால் என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள். எந்த வழியும் இல்லாமல் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவையும் 12ஆம் பிரிவையும் வாய்விட்டுச் சொல்லி, அதை உத்தரவில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

என்னைப் போன்ற ஒரு வக்கீலின் பேச்சைக் கேட்டு எப்போதோ அபராதம் கட்டிய பெண்களுக்கு: அந்த நீதிமன்றத்தில் தீர்ப்பு நகலுக்கு மனுப் போடுங்கள். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். சீராய்வுக்கு 90 நாள் கெடு உண்டு என்றாலும், தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் நீதிமன்றம் அதை மன்னிக்க இடம் இருக்கிறது. உங்களுக்கு வக்கீல் சொல்லவில்லை என்பதும் ஒரு காரணம்தான். தயங்காமல் எழுதிக் கொடுங்கள்.